எஞ்சிய பாலை என்ன செய்வது?



   

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். வீட்டிலே எஞ்சிப்போகும் பாலைப் பற்றியது அது. தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றிய உரைகளைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, ஒரு கோப்பைப் பாலுக்காக இத்தனை நேரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம்முடைய உம்மாமார் நாள்தோறும் கையாளுகின்ற பொருள் அது. பிள்ளைகளின் வளர்ச்சியோடும், குடும்பத்தின் செலவோடும், நாளை மறுமையில் நாம் பதில் சொல்லியாக வேண்டிய இஸ்ராப் என்னும் வீண்விரயத்தோடும் அது பிணைந்திருக்கின்றது.

பாலைச் சாதாரணமான ஒரு பானமாக நமது மார்க்கம் கருதவில்லை. கால்நடைகளின் வயிற்றிலே, அரைபட்ட தீனிக்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய்மையான பால் வெளிப்படுவதைச் சிந்திக்குமாறு சூரா அந்நஹ்ல் நம்மை அழைக்கின்றது. உணவு உண்டபின் இதைவிடச் சிறந்ததைத் தருவாயாக என்று பிரார்த்திக்கக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்கள், பால் அருந்தியபின் மட்டும் இதையே அதிகமாகத் தருவாயாக என்று கேட்கச் சொன்னார்கள். உணவாகவும் பானமாகவும் ஒருங்கே நிற்கக்கூடியது அது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

இன்னுமொரு சம்பவம். அபூ ஹுமைத் (ரழி) அவர்கள் நகீஃ என்னும் இடத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் பால் கொண்டு வந்தார்கள். பாத்திரம் மூடப்பட்டிருக்கவில்லை. இதை மூடிக் கொண்டுவந்திருக்கக் கூடாதா, குறுக்கே ஒரு குச்சியையாவது வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கின்றது. பாலைப் பேணுவதற்கு வசதி குறைவாக இருந்த ஒரு காலத்தில், கைக்கு எட்டிய சிறு சாதனத்தையேனும் பயன்படுத்துமாறு சொல்லப்பட்ட அறிவுரை அது. இன்று நம் வீடுகளில் குச்சிக்குப் பதிலாகக் குளிர்சாதனப் பெட்டி நிற்கின்றது. அதனுள்ளே பால் திரைந்து, மறுநாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றப்படுகின்றது.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு வீணாக்கப்பட்டது. நுகர்வோரைச் சென்றடையும் உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. அதிலும் 60 சதவீதம் கடைகளிலோ உணவகங்களிலோ அல்ல, வீடுகளிலேயே வீணானது. "பெரிய ஹோட்டல்காரர்கள் கொட்டுகிறார்கள், நாங்கள் என்ன செய்தோம்?" என்று கேட்கும் சகோதரர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாக நோக்க வேண்டும்.

நமது நாட்டின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. நாம் அருந்தும் பாலில் பெரும் பங்கு பால்மாவாக, முக்கியமாக நியூசிலாந்திலிருந்து, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுவது. 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2022 ஆம் ஆண்டிலும் ஒரு பைக்கற்றுப் பால்மாவுக்காக உம்மாமார் கடை வாசலில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 400 கிராம் பைக்கற்று ஒன்று 2022 மார்ச் மாதத்தில் 790 ரூபாவுக்கு ஏறியது. பால் தேநீரைக் கைவிட்டு வெறுந்தேநீருக்கு மாறிய குடும்பங்கள் எத்தனையோ! அந்த நாட்களில் ஒரு மேசைக்கரண்டி பால்மாவையும் எண்ணிப் போட்ட அதே கைகள், நிலைமை சற்றுத் தளர்ந்ததும் அரைப் போத்தல் பாலைச் சாதாரணமாகக் கொட்டுகின்றன. மனிதனின் மறதி அப்படிப்பட்டது.

பால் ஏன் எஞ்சுகின்றது? ரமழான் மாதத்தில் ஸஹருக்கும் இப்தாருக்கும் என்று கணக்கின்றி வாங்குகின்றோம். பலூதாவுக்கென இரண்டு லீற்றர் வாங்கி, ஒரு லீற்றரைப் பயன்படுத்தி, மற்றையதைப் பெட்டிக் கதவில் வைத்துவிட்டு மறந்துவிடுகின்றோம். குடும்பமாக வெளியூர்ப் பயணம் புறப்படும்போது திறந்த பைக்கற்று பின்னால் கிடக்கின்றது. கிழக்கிலே மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு வேறொரு கவலை. காலைப் பாலைச் சேகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்ளும். மாலைப் பால் வீட்டிலேயே தங்கிவிடும்.

எஞ்சும் பாலுக்கு முதல் வழி, எஞ்சாதபடி அளந்து வாங்குவது. இரண்டாவது வழி அயலவர். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அயல் வீட்டையும் கவனிக்குமாறு கற்றுத்தந்த மார்க்கம் இது. அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் பசியால் வாடியிருந்த ஒரு நாளில், நபியவர்களின் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த ஒரே ஒரு கோப்பைப் பால் முதலில் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் கொடுக்கப்பட்டது. பிறகே அபூ ஹுரைராவுக்கு. எல்லாருக்கும் பிறகே நபியவர்கள் அருந்தினார்கள். ஆகவே பால் நல்ல நிலையில் இருக்கும்போதே, பிள்ளைகளுள்ள அயல் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது சிறந்தது. புளிக்கத் தொடங்கியபின் கொடுப்பது தர்மமாகாது. நாம் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கச் சம்மதிக்காத ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்பது குர்ஆனின் போதனையாகவே இருக்கின்றது.

இந்த இரண்டுக்கும் இடமில்லாதபோது மூன்றாவது வழி இருக்கின்றது: உறையவைப்பது. மேலை நாடுகளில் பல இல்லத்தரசிகள் இதனைச் சாதாரணமாகச் செய்கின்றார்கள். நம்மவர்களோ இறைச்சியையும் மீனையும் உறையவைப்பார்கள்; பாலென்றால் தயங்குவார்கள். "பால் கெட்டுப்போகுமே, சத்துப் போய்விடுமே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை விளங்கிக்கொள்வதற்குப் பாலின் இயல்பைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாலிலே ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். எஞ்சியது கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை, கல்சியம் முதலான தாதுக்கள். இவை கரைந்திருப்பதால் பால் பூச்சியத்தில் உறையாது. அதற்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழ் 0.5 பாகை செல்சியஸில் உறைகின்றது. உறையும்போது தண்ணீர் பனிப்பளிங்காகி விரிகின்றது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகளை அந்தப் பளிங்குகள் கிழித்துவிடுகின்றன. எனவே உருகியபின் கொழுப்பு சிறு திட்டுகளாக மேலே மிதக்கும். புரதமும் ஓரளவு திரண்டு, மணல் போன்ற ஒரு தன்மை நாவில் தெரியலாம். நிறமும் உறைந்த நிலையில் மஞ்சள் சாயலாகத் தோன்றும். உருகியதும் வெண்மை திரும்பிவிடும். இவை யாவும் தோற்றத்திலும் சுவையிலும் ஏற்படும் மாற்றங்களே. புரதமோ கல்சியமோ போய்விடுவதில்லை. பெரியவர்களின் அச்சத்தில் தோற்றத்தைப் பற்றிய பாதி உண்மை. சத்தைப் பற்றிய பாதிக்கு ஆதாரமில்லை.

இங்கே இடையில் ஒரு செய்தி. பால் எந்த வெப்பநிலையில் உறைகின்றது என்பதைக் கொண்டே அதில் தண்ணீர் கலந்திருக்கின்றதா என்று பாற்பண்ணை ஆய்வுகூடங்களில் கண்டுபிடிக்கின்றார்கள். தண்ணீர் கலக்கக் கலக்க உறைநிலை பூச்சியத்தை நெருங்கும். உமர் (ரழி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருவில் நடந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய்க்கு, "உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய இரட்சகன் பார்க்கின்றான்" என்ற கருத்தில் பதிலளித்த மகளைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தப் பெண் உமரின் மகன் ஆஸிமுக்கு மனைவியானாள். உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. பால் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்காக இதைச் சொல்லிவைத்தேன்.

விடயத்திற்கு வருவோம். உறைகுளிர் பாலிலுள்ள கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கின்றது. உருகியதும் அவை விழித்துக்கொள்ளும். ஆகவே கெடத் தொடங்கிய பாலை உறையவைத்தால் கெடத் தொடங்கிய பாலே திரும்பக் கிடைக்கும். நாளைக் காலை பயன்படுத்துவோமா மாட்டோமா என்ற சந்தேகம் வந்தவுடனேயே, பைக்கற்றில் அச்சிட்ட திகதிக்கு முன்னதாகவே, பாலை உறையவைத்துவிட வேண்டும். மாட்டிலிருந்து கறந்த பாலாயின் கட்டாயம் முதலில் காய்ச்ச வேண்டும். காய்ச்சாத பாலில் புரூசெல்லோசிஸ் போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். உறைபெட்டி அவற்றுக்குச் சிகிச்சையளிக்காது. நன்கு பொங்கக் காய்ச்சி, பாத்திரத்தை ஒரு தட்டுக் குளிர்நீரில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி விரைவாக ஆறவையுங்கள். சூட்டோடு பெட்டியில் வைத்தால் அருகிலுள்ள பொருட்களும் சூடாகும்.

எதில் ஊற்றுவது? கண்ணாடிப் போத்தல் வேண்டாம். விரியும் பால் அதைப் பிளந்துவிடும். உடைந்த கண்ணாடித் துண்டு பாலில் கலப்பது பெரும் ஆபத்து. உணவுக்கெனத் தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக் பாத்திரமோ, இறுக மூடக்கூடிய தடித்த பையோ போதுமானது. மேலே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இடம் விடுங்கள். ஒரு லீற்றரை ஒரே கட்டியாக உறையவைப்பதில் அறிவில்லை. ஒரு கோப்பைத் தேநீருக்காக முழுவதையும் உருக்க நேரிடும், மிச்சம் மீண்டும் தொட்டிக்கே போகும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பிறகு பையிலிட்டு வைப்பது நமது குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமானது. தட்டின் ஒரு குழி எத்தனை மேசைக்கரண்டி கொள்ளும் என்று தண்ணீரை ஊற்றி ஒருமுறை அளந்துவிட்டால், தேநீருக்கு இரண்டு கட்டி, கஸ்டர்ட்டுக்குப் பத்துக் கட்டி என்று பிள்ளைகளே எடுத்துப் போடுவார்கள். பாற்கொழுப்பு அயலிலுள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும். மூடியில்லாத பாத்திரத்தைக் கருவாட்டுக்கோ மீனுக்கோ பக்கத்தில் வைத்தால் பால் மீன்வாசம் வீசும்.

பையின் மீது திகதி எழுதுங்கள். இதை வீட்டிலுள்ள இளைஞர், யுவதிகளின் பொறுப்பாகவே விட்டுவிடலாம். கைத்தொலைபேசியில் மணிக்கணக்காக விரல் ஓடும் பிள்ளைக்கு ஒரு பேனாவைப் பிடித்துத் திகதி எழுத நேரமில்லை என்று சொல்ல முடியாது.

எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் பெட்டியைப் பொறுத்தது. பெட்டியின் உறைபகுதிக் கதவிலே நட்சத்திர அடையாளங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நட்சத்திரம் என்றால் பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகை, இரண்டு என்றால் 12, மூன்று என்றால் 18 பாகை செல்சியஸ். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தினால் சுவை நன்றாயிருக்கும். மூன்று மாதம் வரையும் வைக்கலாம், ஆனால் சமையலுக்கே அது உகந்தது. நம் வீடுகள் பலவற்றிலுள்ள ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளே ஒரு சிறு உறையறை இருக்கும். அது அநேகமாக அந்த அளவு குளிர்வதில்லை. அத்தகைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதிருப்பதே பாதுகாப்பு.

உருக்கும் முறையிலும் தவறு செய்கின்றோம். காலையில் வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடுகின்றோம். நம் நாட்டு வெயிலில் வெளிப்புறம் உருகிச் சூடாகிக் கிருமிகள் பெருகும். உள்ளே மட்டும் கட்டி கிடக்கும். முதல்நாள் இரவே உறைபகுதியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவசரமென்றால் மூடிய பையைக் குளிர்நீரில் அமிழ்த்துங்கள். கட்டிகளை நேரே கொதிக்கும் தேநீரிலோ கஞ்சியிலோ போடுவதாயின் உருக்கவே தேவையில்லை. உருகிய பாலை நன்றாகக் குலுக்கி, ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். முழுதாக உருகியதை மறுபடி உறையவைக்கக்கூடாது.

தனியே ஒரு குவளையில் ஊற்றிக் குடிப்பதற்கு உறைந்து உருகிய பால் சிலருக்குப் பிடிக்காது. அதற்காகப் பிள்ளைகளை அதட்ட வேண்டியதில்லை. தேநீர், கோப்பி, பால்கஞ்சி, கஸ்டர்ட், பாயாசம், ரொட்டிக்கு மா பிசைதல் ஆகியவற்றில் எவரும் வித்தியாசம் காணமாட்டார்கள். கொழுப்பு நீக்கிய பால் திரளாமல் நன்கு வரும். கடையில் பெட்டிப்பால் என்று வாங்குகின்றோமே, 135 பாகைக்கு மேல் சில வினாடிகள் சூடாக்கி அடைக்கப்பட்டது, அது திறக்கும்வரை அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். திறந்து எஞ்சினால் மாத்திரமே உறையவைக்க வேண்டும். தேங்காய்ப்பாலையும் இதே விதமாக உறையவைக்கலாம். உருகியதும் பிரிந்து நிற்கும், கறிக்குக் குறைவில்லை. தயிரை உறையவைப்பது வீண் வேலை, தண்ணீர் விட்டுப்போகும்.

இதுவரை ஆட்டுப்பால், மாட்டுப்பாலின் கதை. இதைவிட விலைமதிப்புள்ள ஒரு பால் இருக்கின்றது: தாய்ப்பால். இதுபற்றி வெளிப்படையாகப் பேச நம் சமூகத்தில் வெட்கப்படுகின்றார்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் அறியாமை ஈமானின் பகுதியன்று. பூரணமாகப் பாலூட்ட விரும்புவோர் இரண்டு வருடங்கள் ஊட்டுமாறு குர்ஆன் கூறுகின்றது. நமது ஆசிரியைகளும் தாதியரும் அலுவலகத்தில் பணிபுரியும் சகோதரிகளும் 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும்போது என்ன நடக்கின்றது? "இனிப் புட்டிப்பால்தான்" என்று மாமியும் சாச்சியும் முடிவுகட்டிவிடுகின்றார்கள். பால் கட்டிக்கொண்டு அந்தத் தாய் வேதனைப்படுகின்றாள், பிழிந்து கொட்டுகின்றாள். இதைவிடப் பெரிய விரயம் வேறெது?

பிழிந்தெடுத்த தாய்ப்பாலைச் சுத்தமான பாத்திரத்தில் சேமிக்கலாம். 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணித்தியாலம் வரை இருக்கும். நம்முடைய நண்பகல் அதற்குமேல் சுடும் ஆதலால், உடனே குளிரில் வைப்பதே நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில், கதவில் அல்ல, நான்கு நாள் வைக்கலாம். மூன்று நட்சத்திர உறைபகுதியில் ஆறு மாதம் வரை நல்ல நிலையிலிருக்கும். 60 முதல் 120 மில்லிலீற்றர் வரையான சிறு அளவாக வையுங்கள். பெட்டியிலே உருகியதை 24 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வெந்நீரில் பையை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஆங்காங்கே கடுஞ்சூடாகிக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். குழந்தை வாய் வைத்து மீதம் வைத்ததை இரண்டு மணித்தியாலத்தின் பின் வைத்திருக்கக்கூடாது. உருகிய தாய்ப்பாலில் சிலவேளை சவர்க்கார வாசம் வரும். பாலிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதியம் கொழுப்பை உடைப்பதால் வருவது அது, கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். புளித்த வாசம் என்றால் மட்டும் கொட்டுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது என்பதையும் இத்தோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

இங்கேதான் மார்க்கம் தொடும் ஒரு முக்கியமான விடயம் வருகின்றது. பால்குடி உறவு. ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை ஒரு பெண்ணின் பாலை ஐந்து வேளை அருந்தினால் அவள் அக்குழந்தைக்குத் தாயாகின்றாள். அவளுடைய பிள்ளைகள் சகோதரர்களாகின்றார்கள். அவர்களுக்கிடையே திருமணம் ஹராமாகின்றது. மார்பில் நேரடியாக அருந்தினாலும் பாத்திரத்திலிருந்து அருந்தினாலும் சட்டம் ஒன்றே என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. முன்னர் யார் யாருக்குப் பாலூட்டினார்கள் என்று ஊரே அறிந்திருக்கும். இன்றோ கூட்டுக் குடும்பத்தில் ஒரே பெட்டியில் லாத்தாவின் பையும் தங்கச்சியின் பையும் அருகருகே கிடக்கின்றன. இரவிலே குழந்தை அழும்போது வீட்டுவேலைப் பெண் எதையோ எடுத்து உருக்கிக் கொடுக்கின்றாள். ஒரு நாளல்ல, பல நாட்கள். இருபது வருடத்தின் பின் இந்த இரு பிள்ளைகளுக்கும் கல்யாணம் பேசுகின்றார்கள். மச்சான் மச்சிக்கிடையே திருமணம் நம்மவர்களிடையே புதிதா? சங்கடம் எங்கே பிறந்ததென்று எவருக்கும் தெரியாது.

இதற்காகவே 1985 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பலருடைய பாலும் கலந்து சேமிக்கப்படும் தாய்ப்பால் வங்கிகளை முஸ்லிம் உலகில் அமைப்பதைத் தடுத்தது. குறைமாதக் குழந்தைகளின் உயிரைக் காக்கும் தேவையை முன்வைத்து வேறு கருத்துக் கொண்ட அறிஞர்களும் இருக்கின்றார்கள். அந்த விவாதத்தை உலமாக்களிடம் விடுவோம். வீட்டளவில் நாம் செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு பையிலும் திகதியோடு தாயின் பெயரையும் எழுதுங்கள். ஒருவரின் பையை மற்றவரின் தட்டில் வைக்காதீர்கள். வேறொருத்தியின் பால் கொடுக்க வேண்டிய தேவை உண்மையிலேயே வந்தால், இரு வீட்டாரும் அறிந்து, எழுதி வைத்துக்கொண்டே கொடுங்கள். அப்படிக் கொடுப்பது பாவமன்று, ஹலீமா நாயகியின் வரலாறு நமக்குண்டு.

மின்சாரம் பற்றியும் சொல்லாமல் முடிக்க இயலாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. குரங்குக்கு நம் பாலைப் பற்றி என்ன கவலை! தனியான உறைபெட்டி நிரம்பியிருந்து கதவைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பாதி நிரம்பியிருந்தால் 24. ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு உறையறை அவ்வளவு தாங்காது. சாதாரணக் குளிர்ப்பகுதியோ நான்கு மணித்தியாலத்தோடு சரி. வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வைத்தால் குளிர் நிலைக்கும். அவற்றையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்று அறிய ஓர் உபாயம் சொல்கின்றேன். ஒரு சிறு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டியில் விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கின்றது என்று பொருள். அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலில் பனிப்பளிங்குகள் இன்னும் எஞ்சியிருந்தால் மறுபடி உறையவிடலாம்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று இதே ஆபத்து வேறு வடிவில் வருகின்றது. உழ்ஹிய்யா இறைச்சி பொதிபொதியாக வந்திறங்கும். சூடு ஆறாத இறைச்சியை ஒரே மூச்சில் உறைபகுதிக்குள் திணித்தால், அங்கிருக்கும் பால் உருகிவிடும். தாய்ப்பால் இருக்கும் வீட்டில் அன்றைக்கு அதை ஒரு சிறு பெட்டியில், பனிக்கட்டியோடு, தனியாக எடுத்து வையுங்கள். அல்லது இறைச்சியைக் கீழ்ப்பகுதியில் குளிரவைத்துச் சிறிது சிறிதாக மேலே மாற்றுங்கள். இறைச்சியில் ஏழைகளின் பங்கை அன்றைக்கே கொடுத்துவிட்டால் பெட்டியில் இடமும் தானாகவே கிடைக்கும்.

உறையவைக்கும் வசதியைப் பதுக்கலுக்கான வழியாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்று வசதி படைத்த சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டுப்பாடு வரும் என்ற வதந்தி கேட்டவுடன் இருபது லீற்றர் வாங்கிப் பெட்டியை நிரப்புபவர் தமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் உம்மாவின் கையிலிருந்து அதை எடுக்கின்றார். 2021 இல் அதை நாம் கண்ணால் கண்டோம். எஞ்சியதை உறையவைப்பது வேறு. எஞ்சுவதற்கென்றே வாங்குவது வேறு.

நேயர்களே, நேரம் நெருங்கிவிட்டது. இன்றிரவு உங்கள் பெட்டியைத் திறந்து, கதவிலுள்ள பாலை எடுத்துத் திகதியைப் பாருங்கள். நாளைக்குள் முடியாதென்று தோன்றினால், மேலே சிறிது இடம் விட்டு ஊற்றி, மூடி, எழுதி, உள்ளே வைத்துவிட்டுத் தூங்கச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.